ஆகில், இடது கால்

கொழும்பில் ஆட்டுக்கால் எலும்பை முழுசாக வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. இதை ஆதிபா கண்டுபிடித்தது நான்காம் வருஷத்தின் கடைசித் தவணையில். மூன்றரை வருஷம் பொறியியல் படிப்பித்தவர்களில் ஒருவராவது இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் தொடங்கி தெஹிவளை வரைக்கும் நாலு இறைச்சிக் கடை ஏறி இறங்கினாள். எலும்பை வெட்ட வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கத்தி இரண்டு தரம் கட்டையில் இறங்கிவிடும். மனுஷனுக்குக் கைப் பழக்கம், அவனைக் குறை சொல்லி என்ன செய்கிறது.

அவளுக்கும் அவளோடு சேர்ந்து ஆய்வு செய்த கொட்டாஞ்சேனை றொஹானுக்கும் கிடைத்த தலைப்பு அப்படி. ஒருவருக்குக் கால் முறிந்தால் டொக்டர்மார் எலும்பில் தகடு வைத்து ஆணி முறுக்குவார்கள். எலும்பு பொருந்தியபின் தகட்டைக் கழற்றினால் ஆணி இருந்த ஓட்டைகள் மிஞ்சும். அந்த ஓட்டைகளால் எலும்பு எவ்வளவு பலம் இழக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்கிற விதம் ஒன்றுதான்: ஓட்டை போட்ட ஆட்டெலும்பையும் போடாததையும் இயந்திரத்தில் வைத்து, உடையும் மட்டும் அழுத்துவது.

கிடைத்ததை வைத்து ஒரு தரம் அழுத்தியும் பார்த்தார்கள். ஒன்று குட்டி ஆடு, ஒன்று பல் கொட்டிய கிழடு, ஒன்றில் கடைக்காரரின் கத்தி பட்ட கீறல். கீறல் எலும்பு பப்படம் மாதிரி உடைந்தது, கிழட்டு எலும்பு இயந்திரத்தையே முனக வைத்தது. அவர்களை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் டொக்டர் யோசெப்பின் மெடம், இயந்திரம் தந்த வரைபடத்தைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டும் பார்த்தார்.

"இது தரவு இல்லைப் பிள்ளையள். பஸ் ஹோல்ட்டில நிக்கிற சனம்" என்றார்.

ஒரே வயது, நொண்டாத, நோயில்லாத ஆடுகள். கீறலே படாத பச்சை எலும்பு. எட்டு வேண்டும். அதுவும் இன்னும் ஏழு கிழமைக்குள், ஏனென்றால் அதற்குப் பிறகு இயந்திரத்தைக் கழற்றித் திருத்தக் கொண்டுபோகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. அதைத் தவறவிட்டால் பட்டம் ஒரு வருஷம் பின்னால் போகும்.

இந்த இக்கட்டில்தான் ஆதிபாவின் மதினி மஸாஹிரா இரட்டைப் பிள்ளை பெற்றாள். இரண்டும் ஆண். மூத்தவன் முஸ்அப், ஆறு நிமிஷம் பிந்தியவன் ஆகில். ஆகிலுக்கு இடது பாதம் உள்ளுக்கு வளைந்து, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருந்தது. சுகமாகிற காரியம்தான் என்று டொக்டர் சொன்னார். ஒவ்வொரு வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாதத்தை மெதுவாகக் கொஞ்சம் நேராக்கி, விரல் நுனி மட்டும் தெரிய, தொடை வரைக்கும் பிளாஸ்டர் போடுவார்கள். அடுத்த வெள்ளி அதைக் கழற்றி இன்னும் கொஞ்சம் நேராக்குவார்கள். எல்லோரும் மஸாஹிராவுக்கு ஆறுதல் சொன்னார்கள், அவளும் தலையாட்டினாள். ஆனால் அந்த நாளிலிருந்து அவள் சிரித்ததை வீட்டில் ஒருவரும் காணவில்லை.

ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு என்பது முறை, ஆகவே பிள்ளை பிறந்ததற்கு ஆடு அறுத்துக் கொடுக்கிற அகீகா விருந்துக்கு நாலு ஆடு. ஆதிபாவின் அண்ணன் பாஹிம் நானா, அதாவது பிள்ளைகளின் வாப்பா, கற்பிட்டிப் பக்கம் ஒரே பட்டியில் நாலையும் பேசி வந்தார். ஆடு இரண்டு வயது முடிந்திருக்க வேண்டும், நொண்டக்கூடாது, நோய் இருக்கக்கூடாது என்று மௌலவி சொன்னதை அவர் சாப்பாட்டு மேசையில் ஒப்பித்தபோது, ஆதிபா சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டாள். அவளுடைய ஆய்வுத் திட்டத்தின் நாலாம் பக்கம் வரிக்கு வரி நானாவின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது போதாதென்று, அகீகா ஆட்டின் எலும்பை வெட்டவும் மாட்டார்கள். மூட்டு மூட்டாகக் கழற்றித்தான் இறைச்சி எடுப்பார்கள். ஆட்டின் எலும்பு முறியாமல் இருப்பதுபோல் பிள்ளையின் கைகாலும் முறிவில்லாமல் சுகமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் வந்த வழக்கம் அது.

எலும்பு முழுசாகக் கிடைக்கும் என்கிற பாதியை ஆதிபா இரண்டு காதாலும் வாங்கினாள். ஏன் முழுசாக என்கிற மற்றப் பாதி அவளுக்குத் தெரியாதா என்ன? சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்ததை ஒரு மூலையில் வைத்து மேலே துணி போட்டு மூடினாள்.

உம்மா பைறோஸாவிடம் பின்னங்கால்களில் முழங்காலுக்குக் கீழே இருக்கிற எட்டு எலும்பையும் பச்சையாகக் கேட்டபோது, படிப்புக்குத்தானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று உம்மா சொல்லிவிட்டார். படிப்பில் என்ன செய்வார்கள் என்று உம்மா கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. பல்கலைக்கழகப் படிவத்தில் ஆட்டின் சொந்தக்காரர் ஒப்பம் வைக்க வேண்டியிருந்தது. அதில் என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒரு பந்தியே இருந்தது. பாஹிம் நானா வாசலில் பார்சல் கொண்டுவருகிறவனுக்கு வைக்கிற மாதிரி, வாசிக்காமல் ஒப்பம் வைத்துக் கொடுத்தார்.

ஆடு அறுத்த அன்றே எட்டு எலும்பையும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி, தனித்தனிப் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் அடுக்கினாள். எந்த எலும்பு எந்த ஆட்டினது என்று பையில் தெளிவாக இருக்க வேண்டும் என்பது டொக்டர் யோசெப்பினின் கண்டிப்பு. நாலு ஆட்டுக்கும் பெயரா இருக்கிறது? இரண்டு ஆடு முஸ்அப்புக்காக அறுத்தது, இரண்டு ஆகிலுக்காக. ஆகவே அப்படியே எழுதினாள். 'முஸ்அப் 1, இடது, வியாழன் உடைக்க.' 'ஆகில் 2, வலது, வியாழன் உடைக்க.' கையெழுத்து வேறு அவளுக்கு முத்து முத்தாக வரும்.

றொஹான் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு எட்டு மெழுகுதிரி கொளுத்தினான், எட்டு எலும்பும் ஒழுங்காக உடைய வேண்டுமென்று.

புதன்கிழமை பின்னேரம் உம்மா அஸர் தொழப் போன நேரம் பார்த்து, மஸாஹிரா ஐஸ் தட்டைத் திறந்தாள். பிள்ளை பெற்றவள் நாற்பது முடியும் வரைக்கும் குளிர்ந்த சாமானைக் கையாலும் தொடக்கூடாது என்பது உம்மாவின் சட்டம். நாற்பதாவது நாள் முந்தின நாள்தான் முடிந்திருந்தது, ஆனாலும் உம்மா ஒரு கிழமை நீட்டி வைத்திருந்தார். அந்த வீட்டில் ஐஸ்கிறீம் எங்கே இருக்கிறதென்று மஸாஹிராவுக்கு மணத்திலேயே தெரியும். டப்பாவை இழுத்தாள், பின்னாலிருந்த பைகளும் சேர்ந்து வந்தன. வாயில் கரண்டியோடு முதல் பையை வாசித்தாள். பிறகு கரண்டியை எடுத்துவிட்டு மற்ற ஏழையும் வாசித்தாள்.

ஆதிபா வீட்டுக்குள் வந்தபோது எட்டுப் பையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக இருந்தன. மேசையின் ஒரு பக்கம் உம்மா, ஒரு பக்கம் நானா, நடுவில் மஸாஹிரா. பக்கத்தில் உருகிய ஐஸ்கிறீம் டப்பா ஒன்று. அதைப் பற்றி அன்றைக்கு உம்மா கூட ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தைப் பற்றிக் கேட்டபோது நானா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், அது இன்றைக்குத்தான் பூட்டினதுபோல.

மஸாஹிரா சத்தம் போட்டிருந்தால் ஆதிபா எதிர்ச்சத்தம் போட்டுத் தப்பியிருப்பாள். அவள் போடவில்லை. ஆதிபா மௌலவிக்குப் போன் எடுத்து, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள். உடைப்பது ஹறாம் இல்லை, உடைக்காமல் விடுவது விரும்பத்தக்கது என்று அவர் பொறுமையாக விளக்கினார். உடைக்காமல் ஓட்டை மட்டும் போட்டால் என்ன மாதிரி என்று நானா சும்மா இராமல் கேட்டார். மார்க்கக் கிதாபு பார்த்துவிட்டுத் திருப்பி எடுக்கிறேன் என்று வைத்த மௌலவி இன்றுவரை எடுக்கவில்லை.

"ஹறாம் இல்லைண்டு எனக்கும் தெரியும்" என்றாள் மஸாஹிரா. "எல்லாப் புள்ளைக்கும் கால் நேரா இருந்தா நானும் படிப்புத்தானேண்டு விட்டிருப்பன். இவன்ட பேரை எழுதி, இடது காலுண்டு எழுதி, ஒடைக்கண்டு எழுதி வெச்சீக்கிறீங்களே ஆதிபா. எழுதக்குள்ள ஒங்கட கை நடுங்கல்லயா?"

நடுங்கவில்லை, அதுதான் வெட்கம். மதினியின் மனதை உடைத்ததற்கு ஆதிபாவுக்கு ஒரு பக்கம் அழுகை வந்தது, நாளைக்கு இயந்திரம் கிடைக்காமல் ஒரு வருஷம் போகப்போகிறதே என்று மறு பக்கமும் வந்தது. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் ஒன்றாகவே அழுதாள். எலும்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். உடைக்காமல் பலம் பார்க்க வழியில்லை, அதனால் ஆய்வை விடுகிறேன் என்றாள்.

மஸாஹிராவின் மடியில் ஆகில் பிளாஸ்டர் காலைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். பழைய பிளாஸ்டர், வெள்ளிக்கிழமை மாற்ற வேண்டியது, மூத்திரத்தில் ஊறி ஓரம் பிசுபிசுத்திருந்தது. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"ஒடைக்காம எப்பிடித் தெரியாமப் போகும்? டொக்டர் இவன்ட காலை ஒடச்சா பார்க்கிறார்? ஒவ்வொரு வெள்ளியும் கொஞ்சம் வளைச்சுப் பார்க்கிறார், எவ்வளவு வளையுதுண்டு எழுதுறார், விட்டுர்றார். ஆறு கிழமையா நான் பார்த்துட்டு வாறேனே."

ஆதிபாவின் அழுகை பாதியில் நின்றது. மூக்கைத் துடைத்தபடி அவள் மேசையிலிருந்த எலும்பைப் பார்த்தாள். உடையும் மட்டும் ஏன் அழுத்த வேண்டும்? கொஞ்சமாய் அழுத்தி, எவ்வளவு வளைகிறது என்று அளந்துவிட்டு விட்டுவிடலாம். பலமான எலும்பு குறைய வளையும், பலமிழந்தது கூடுதலாய் வளையும். ஓட்டை போட முதல் ஒரு தரம், போட்டபின் ஒரு தரம். அதே எலும்பு, அதே ஆடு. இடதை வலதோடு ஒப்பிடுகிற தொல்லையும் இல்லை.

அங்கேயே நின்று டொக்டர் யோசெப்பினுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அந்தப் பக்கம் டொக்டர் பெருமூச்சு விட்டது கேட்டது.

"முதலாம் வருஷப் பாடத்தை நாலாம் வருஷத்தில உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"என்ட மதினி, மெடம்."

"அவவையும் நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாரும்."

ஓட்டை விஷயம் மிச்சம் இருந்தது. மௌலவியின் போனுக்குக் காத்திருந்தால் வியாழக்கிழமையும் போய்விடும். எல்லோரும் மஸாஹிராவைப் பார்த்தார்கள். அவள் பிள்ளையின் குதிகாலைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"கடைசியா குதிகால் நரம்பில சின்னதா ஒரு கீறல் போடணும்ண்டு டொக்டர் சென்னார். காலு சரியாகத்தானேண்டு நான் தலையாட்டிட்டு வந்தன். ஓட்டை பரவால்ல. ஒடைக்கக் கூடா. நான் வந்து பார்ப்பன்."

செய்தி கேட்ட றொஹான் தலையில் கை வைத்தான். முதல் நாள் ஏற்றின மெழுகுதிரி எல்லாம் எலும்பு உடைவதற்காக அல்லவா? அன்று பின்னேரமே திரும்பவும் கொச்சிக்கடைக்கு ஓடி, முந்தின வேண்டுதலைத் தள்ளிவிடும்படி கேட்டு இன்னும் எட்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்பதாவதும் ஒன்று கொளுத்தினானாம்.

இப்படியாக, நாற்பது முடிந்து ஆஸ்பத்திரியைத் தவிர மஸாஹிரா போன முதல் இடம் ஓர் ஆய்வுகூடம். ஒரு தோளில் பால் பை, ஒரு கையில் ஆகில், பின்னால் முஸ்அப்பைத் தூக்கியபடி நானா. உம்மா கொடுத்துவிட்ட சாப்பாட்டு அடுக்கு வேறு. இயந்திரத்துக்குப் பொறுப்பான புஷ்பராஜ் அண்ணன் இந்த ஊர்வலத்தைக் கண்டு கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டவுடன், ஆபத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை மஸாஹிராவின் கைக்கு எட்டுகிற மாதிரி மேசையில் வைத்தார்.

"இருபது வருஷமா எல்லாரும் உடைக்கத்தான் வந்தவை. உடைக்காமப் பாக்க வந்தது நீங்கள்தான் தங்கச்சி" என்றார்.

முந்நூறு நியூட்டனைத் தாண்டக்கூடாது என்று டொக்டர் யோசெப்பின் எல்லை போட்டிருந்தார். ஒரு முப்பது கிலோ அரிசி மூட்டையை எலும்பின் நடுவில் வைக்கிற பாரம் அது, நல்ல எலும்புக்கு அது தூசி. ஆனால் முதல் எலும்பில் நாற்பதிலேயே மஸாஹிரா பொத்தானை அமர்த்திவிட்டாள். இரண்டாவதில் தொண்ணூறில் அமர்த்தினாள். கையால் அமர்த்துகிற பாரம் கூட இல்லை என்று புஷ்பராஜ் அண்ணன் கெஞ்சி, திரும்பத் தொடங்கினார். ஐந்தாவது எலும்புக்குள் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. திரையில் ஏறுகிற கோட்டைப் பார்த்து, இது கூடுதலாய் வளைகிறது, ஓட்டை கிட்டக் கிட்டப் போட்டீர்களா என்று றொஹானைக் கேட்டாள். அவன் அளந்து பார்த்தான். கிட்டத்தான் போட்டிருந்தான். டொக்டர் யோசெப்பின் தன் கதிரையை மஸாஹிராவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் தாண்டி, ஏழு எலும்பும் உடையாமல் முடிந்தன. கடைசிப் பை: 'ஆகில் 2, இடது.' அதில் 'உடைக்க' என்பதை ஆதிபா காலையிலேயே கறுப்பு மையால் அடித்திருந்தாள். ஓட்டை போடமுன் அளந்தாயிற்று. றொஹான் துளைத்துத் தந்தான். ஆதிபா எலும்பை இரண்டு தாங்கிகளின் மேல் வைத்தாள். மஸாஹிரா ஆகிலை மடியில் சரித்து, ஒரு கையால் அவனைப் பிடித்து, மற்றக் கையைப் பொத்தானின் மேல் வைத்தாள்.

நூறு. நூற்றைம்பது. இருநூறு. ஆதிபா மனதுக்குள் ஓதத் தொடங்கினாள். இருநூற்றைம்பது. றொஹான் சிலுவை போட்டான். இருநூற்றுத் தொண்ணூறு.

டக்.

மஸாஹிராவின் கை பொத்தானில் விழுந்தது. இயந்திரம் நின்றது. ஆதிபாவுக்கு எலும்பைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போன வருஷமும் வருகிற வருஷமும் மதினியின் முகமும் எல்லாம் ஒன்றாக அந்தத் தாங்கியில் கிடந்தன. புஷ்பராஜ் அண்ணன்தான் குனிந்து, விரலால் எலும்பின் அடியை நுனி முதல் நுனி வரை தடவினார். தடவிவிட்டுத் தலையை ஆட்டினார். ஒரு மயிரிழைக் கீறல் கூட இல்லை.

அப்படியானால் சத்தம் எங்கே என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். மஸாஹிராவின் காலடியில் வெள்ளையாக ஒரு துண்டு கிடந்தது. ஆகில் தன் இடது காலை ஓங்கி மேசையின் இரும்பு விளிம்பில் உதைத்திருந்தான். ஊறியிருந்த பிளாஸ்டரின் முன் பக்கம் கழன்று விழுந்து, ஐந்து விரலும் பாதி உள்ளங்காலும் வெளியே வந்திருந்தன. நாளைக்குக் கழற்ற வேண்டியதை அவன் ஒருநாள் முந்திக்கொண்டான். அழவும் இல்லை, இன்னொரு தரம் உதைக்கக் காலை இழுத்தான்.

மஸாஹிரா அந்தப் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். ஆறு கிழமைக்கு முன் மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருந்த உள்ளங்கால் இப்போது கிட்டத்தட்ட நேராக அவளைப் பார்த்தது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க, பிறகு கண்ணீர் வர வர. நானா பயந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். ஆதிபா ஓடிப்போய் மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் சேர்ந்து சிரித்தாள், அழுதாள், எது எதென்று தெரியவில்லை.

முடிவுகளை எழுதுகிற தாள் றொஹானின் கையில் இருந்தது. கடைசி வரி நிரப்பப்படாமல் கிடந்தது. மஸாஹிரா கண்ணைத் துடைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"எழுதுங்க தம்பி. ஆகில், இடது கால். பிளாஸ்டரை ஒடச்சிட்டான்."